அவுக அண்ணன் நடத்திய தப்புக் கூட்டம்

கம்ப்யூட்டருக்கு மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் தேனி மாவட்டத்துக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நாமெல்லாம் சர்வர் வேலை செய்யவில்லை என்றால் திட்டுவோம், மேசையைத் தட்டுவோம், ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகுவோம். அவர் அப்படியில்லை. விடிந்தும் விடியாமலும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவர் குரல் வந்துவிடும்.

"எல்லாருக்கும் வணக்கம். அவுக இப்பத்தான் எந்திரிச்சிருக்காக. மூஞ்சி கழுவிக்கிட்டு இருக்காக. வருமானச் சான்றக் கேட்டாத் தருவாக. பட்டாவ மட்டும் இப்பக் கேட்டுறாதீக, மொறைப்பாக. ஒரு அரை மணி நேரம் பொறுத்துக் கேளுங்க."

'அவுக' என்றால் சர்வர். எங்கள் பக்கத்தில் பெண்கள் வீட்டுக்காரரைத்தான் அப்படிச் சொல்லுவோம். மீசை வைத்த ஆறடி மனிதர் ஒருவர் சென்னையில் எங்கோ இருக்கிற ஒரு பெட்டியை அப்படிச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வது? அதனால் அவருக்கு 'அவுக அண்ணன்' என்றே பேர் விழுந்துவிட்டது. சொந்தப் பேர் அவருடைய ரேஷன் கார்டில் இருக்கும். எங்கள் வாயில் இல்லை.

அவர் பழனிசெட்டிபட்டியில் இ-சேவை மையம் வைத்திருக்கிறார். நான் காமயகவுண்டன்பட்டியில் வைத்திருக்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவி, காப்பீட்டு அட்டை என்று ஜனங்கள் அரசாங்கத்திடம் கேட்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிற வேலை. நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். டைப் அடிக்கத் தெரியும், முருகனைக் கும்பிடத் தெரியும். இரண்டையும் நம்பித்தான் மையம் தொடங்கினேன்.

தொடங்கிய மூன்றாம் மாதம் ஒரு நாள், தலையில் துண்டு கட்டிய ஒருவர் வரிசையில் வந்து நின்றார். கையில் சுருட்டிய காகிதம். ஒரு மணி நேரம் நின்று என் முன்னால் வந்தார். அன்றைக்குச் சர்வர் படுத்திய பாட்டில் எனக்குத் தலைவலி.

"சர்வர் இல்ல. நாளைக்கு வாங்க" என்றேன்.

"நாளைக்கு வருவாகன்னு ஒனக்குச் சொன்னாகளாத்தா?"

"யாரு?"

"அவுகதான். நாளைக்கு வர்றேன்னு ஒங்கிட்டச் சொல்லியிருந்தாத்தான நீ எங்ககிட்டச் சொல்லணும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரியவரே, ஒங்களுக்கு என்ன சான்று வேணும்?" என்று கேட்டேன். அவர் காகிதத்தை விரித்தார். அதில் கோடு கோடாகப் போட்டிருந்தது. "இந்த ஒரு மணி நேரத்துல நீ 'நாளைக்கு வாங்க'ன்னு பதினேழு தடவ சொன்ன. அதுல அஞ்சு பேரு சின்னமனூருக்கு அங்கிட்டு இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்தவுக. 'சாயங்காலம் போன் போட்டுக் கேட்டுட்டு வாங்க'ன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நானும் ஒன்ன மாதிரி கடைதான் தங்கச்சி. எனக்கும் இப்படி ஒருத்தரு வந்து நின்னு சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும். யாரும் வரல. அதான் நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் மாவட்டத்தில் இருக்கிற எல்லா மையத்திலும் அப்படி மாறுவேடத்தில் வரிசையில் நின்றிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. கூடலூரில் மட்டும் மாட்டிக்கொண்டார். அங்கே மையம் வைத்திருக்கிற அக்கா அவரைப் பார்த்த பார்வையிலேயே, "அண்ணே, மீசைய வீட்டுல வெச்சிட்டு வந்திருக்கலாமே" என்றாராம்.

இன்னொரு விசேஷம், அவர் ஆட்களை முகத்தால் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார். விரலால்தான். திராட்சைப் பந்தலில் வேலை பார்ப்பவர்கள், ஏலத்தோட்டத்துக்கு மலையேறுகிறவர்கள், இவர்கள் விரலில் ரேகையெல்லாம் தேய்ந்து போயிருக்கும். கைரேகை மெஷினில் வைத்தால், 'மறுபடி வையுங்கள், மறுபடி வையுங்கள்' என்றே காட்டிக்கொண்டிருக்கும். அவுக அண்ணன் வெந்நீரில் கையை நனைத்து, துண்டால் ஒற்றி, ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டு, எந்த விரலின் ரேகை மெஷினில் விழும் என்று கண்டுபிடிப்பார். ஒரு தடவை பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். மேடையேறி மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தவர் விடவே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொண்ணு வீட்டார் பயந்துபோய் எட்டிப் பார்க்கிறார்கள். "மாப்ளைக்கு வலது கட்டவிரலு விழாது. இடது மோதிர விரல வைக்கச் சொல்லுங்கத்தா" என்று மணப்பெண்ணிடம் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். அந்தப் பெண் பின்னாளில் ரேஷன் கார்டு எடுக்க வந்தபோது சொன்னது, வந்த அன்பளிப்பிலேயே அதுதான் உபயோகமாக இருந்ததாம்.

அவர்தான் எங்களையெல்லாம் ஒன்று சேர்த்தார்.

"டாக்டருக்குச் சங்கம் இருக்கு. வக்கீலுக்கு இருக்கு. நமக்கு யாரு இருக்கா? ஒரு பட்டன அமுக்கத் தெரியலேன்னா யாருகிட்டக் கேப்ப? உதவி எண்ணுக்கு அடிச்சா பாட்டுப் போடுறாக. நானும் அந்தப் பாட்டக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டேன், இன்னும் ஆளு வரல" என்பார். பெரியகுளத்திலிருந்து கூடலூர் வரைக்கும் மையம் வைத்திருப்பவர்கள், தெருவிளக்குப் புகார்களைப் பட்டியல் போடுகிற ஒரு ஊராட்சிக்காரர், டவுன் பஸ் நேரத்தையெல்லாம் தொகுத்துப் போனில் அனுப்புகிற ஒரு பெண், இப்படி இருபது பேர் சேர்ந்தோம். குழுவுக்குப் பேர் 'கூட்டாளிக'. அதில் யாருக்கும் பேர் கிடையாது, ஊர்தான் பேர். நான் கே.கே.பட்டி. வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் வருகிற ஒருவர் பெரியகுளம். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுகிற அக்கா கூடலூர்.

குழுவில் பூப்படம், சாமிப்படம் போடக் கூடாது என்று கட்டளை. நான் ஒரு சஷ்டி அன்றைக்கு மனசு கேட்காமல் முருகன் படம் போட்டுவிட்டேன். உடனே குரல் வந்தது. "கே.கே.பட்டி, முருகனுக்கு அவுக தயவு வேண்டியதில்ல. அவரு நேராவே வருவாரு. படத்த எடு தங்கச்சி, பின்னால ஒருத்தருக்கு அவசரமா ஒரு சந்தேகம் கேக்கணுமாம்." எடுத்துவிட்டேன். முருகனும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை தோறும் அவர் மையத்தின் மொட்டை மாடியில், தகரக் கொட்டகையின் கீழ் கூடுவோம். அந்தக் கூட்டத்துக்குத்தான் தப்புக் கூட்டம் என்று பேர். மற்ற கூட்டங்களில் நான் இதைச் சாதித்தேன், அதைச் சாதித்தேன் என்று பேசுவார்கள். இங்கே ஒவ்வொருவரும் அந்த மாதம் தான் செய்த தப்பு ஒன்றைக் கொண்டுவந்து சொல்ல வேண்டும். அதை ஒரு நீள நோட்டில் எழுதி நம்பர் போடுவார். தப்பு சொல்லாதவர்களுக்கு டீ கிடையாது.

இதில் அவதிப்பட்டவர் பெரியகுளம்தான். அவருக்குத் தப்பே வராது. பேனாவைக்கூட அளந்து வைக்கிற ஆள். ஒரு மாதம் எழுந்து நின்று, "ஸ்டேப்ளர் பின் தீர்ந்துபோனதை நான் மூன்று மணி நேரம் கழித்துத்தான் கவனித்தேன்" என்றார்.

"இது தப்பில்ல. தற்பெரும. ஒக்காருங்க" என்றார் அவுக அண்ணன்.

பாவம், நாலு மாதம் டீ இல்லாமல் வெறும் வாயோடு திரும்பினார். ஐந்தாவது மாதம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "அண்ணே, நான் ஒரு பையனோட அப்பா பேரு இருக்கிற எடத்துல அவன் மாமா பேரப் போட்டுட்டேன்!" அன்றைக்கு நாங்கள் கைதட்டிய சத்தத்தில் கீழே வரிசையில் நின்றவர்கள் மேலே ஓடி வந்துவிட்டார்கள்.

சென்னையிலிருந்து ஒரு சார் வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஜனங்களுக்காக ஆப் செய்து கொடுக்கிற அமைப்பில் பெரிய பொறுப்பு. எங்களைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டு, புரொஜக்டரெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார். சிறந்த வழிமுறைகள் என்று நாற்பது படம் காட்டினார். நன்றாகத்தான் பேசினார். டீத் தட்டு வந்தது. சார் கையை நீட்டினார்.

"சாருக்கு வைக்காதீக. அவரு இன்னும் தப்பு சொல்லல."

"நான் விருந்தினர் இல்லையா?" என்றார் சார்.

"விருந்தாளிக்குத் தண்ணி உண்டு. தப்பச் சொன்னா டீ உண்டு."

தகரக் கொட்டகை வெயிலில் சார் வியர்த்துக்கொண்டே யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நாங்க தெருவிளக்குக்கு ஒரு ஆப் செஞ்சோம். விளக்கு எரியலேன்னா அந்த எடத்த போட்டோ எடுத்து அனுப்பணும். ஆனா, இருட்டுல போட்டோ எடுத்தா..."

ஊராட்சிக்காரர் முடித்து வைத்தார். "கறுப்பா வரும்."

"ஆமா. எட்டு மாசம் கறுப்புப் போட்டோவா வாங்கி வெச்சிருந்தோம். எந்தத் தெருன்னு யாருக்கும் தெரியல."

அண்ணன் எழுந்துபோய்த் தன் கையாலேயே டீ ஊற்றி, இரண்டு தம்ளராகக் கொடுத்தார். "இதச் சொல்லத்தான சார் நீங்க இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக! இத விட்டுட்டு என்னென்னமோ படம் காட்டுறீகளே!" அந்தச் சார் இன்றைக்கும் எங்கள் குழுவில் இருக்கிறார். அவர் பேர் சென்னை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் ஒரு நாள் வந்தது.

எங்கள் ஊரில் வயசானவர்களிடம் "போன் நம்பர் சொல்லுங்க" என்று கேட்டால், "போனா? நான் யாரோட பேசப் போறேன் தாயி" என்பார்கள். நம்பர் இல்லாமல் விண்ணப்பம் ஏறாது. ஓடிபி என்று ஆறு எண் அந்த நம்பருக்கு வரும், அதைத் தட்டினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். வெயிலில் நிற்கிற கிழடுகளைத் திருப்பி அனுப்ப மனசு வராமல், ஒருவருக்கு என் நம்பரையே போட்டேன். என் போனுக்கே வந்தது, நானே பார்த்தேன், நானே தட்டினேன். வேலை முடிந்தது. புண்ணியம் என்றுதான் நினைத்தேன். அடுத்தவருக்கும் போட்டேன். இப்படிப் போட்டுப் போட்டு அறுபத்து மூன்று பேர் ஆகிவிட்டார்கள். கோயிலில் நாயன்மார்கள் வரிசையாக நிற்பது போல என் ஒரு நம்பருக்குப் பின்னால் அறுபத்து மூவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை. விரதம். கம்ப்யூட்டரைப் போட்டால் சிவப்பு எழுத்து. ஒரே கைபேசி எண் பலருக்குப் பதியப்பட்டுள்ளது, விசாரணை முடியும் வரை கணக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது என்று. என் கணக்கு மட்டுமல்ல, அந்த அறுபத்து மூன்று பேருடைய எல்லாமும் நின்றுவிட்டது.

அதில் ஒருவர் காளியப்பன் மாமா. என் வீட்டுக்காரரோடு பந்தலில் வேலை பார்த்தவர். சம்சாரம் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளைகுட்டி கிடையாது. குடலிறக்கம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, இதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்று ஆபரேஷனுக்கு ஒரு வியாழக்கிழமை குறித்துக் கொடுத்திருந்தார்கள். காப்பீட்டு அட்டையை நம்பித்தான் எல்லாம். அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தது நான். அதை முடக்கியதும் நான்.

என்ன செய்திருக்க வேண்டும்? குழுவில் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. மோசடிக்காரி என்று சொல்லிவிடுவார்களோ, மையத்தைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்தேன். வாசலில் 'சர்வர் வேலை செய்யவில்லை' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். பத்து நாள் தொங்கியது. முருகனிடம் மட்டும் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஏ புள்ள, ஊருக்கெல்லாம் நல்லா இருக்கிற சர்வருக்கு நம்ம கடையில மட்டும் என்ன சீக்கு?" என்றார். கறிவேப்பிலை ஆய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

பதினோராம் நாள் போன் வந்தது. அவுக அண்ணன்.

"தங்கச்சி, அவுகளுக்கு ஒடம்புக்கு என்ன?"

"அது வந்துண்ணே... பத்து நாளா..."

"ஒங்க ஊரு ஆளு ஒருத்தரு பஸ்ஸேறி இங்கன வந்துட்டாரு. கே.கே.பட்டியில அவுக படுத்த படுக்கையாக் கெடக்காகன்னு சொல்றாரு. இங்கன துள்ளிக் குதிச்சு ஓடிக்கிட்டு இருக்காக. ஒங்க ஊருல மட்டும் எப்படித்தா படுப்பாக?"

நான் வாசலில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன்.

"அவுக மேல பழி போடாத. வாயில்லாத சீவன். வந்து சொல்லிக்கிற மாட்டாகன்னுதான நீ இப்படி எழுதி மாட்டியிருக்க? நாளைக்கு ரெண்டாம் சனிக்கெழம. வா. வரும்போது தப்பக் கொண்டுக்கிட்டு வா."

போனேன். ஆனால் பஸ்ஸிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டேன். என் முறை வந்ததும், ஒரு சான்றில் தெருப் பேரைத் தப்பாக அடித்துவிட்டேன் என்றேன். டீ கைக்கு வந்துவிட்டது. வாய்க்குப் போகவில்லை.

"கூடலூரு, அந்தத் தம்ளர வாங்கு" என்றார் அண்ணன். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அழுதுவிட்டேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை அந்த மாடியில் இருபது பேர் முன்னால் சொன்னேன். என் நம்பர், அறுபத்து மூன்று பேர், சிவப்பு எழுத்து, பத்து நாள் அட்டை, காளியப்பன் மாமாவின் ஆபரேஷன் தேதி, எல்லாம். சொல்லி முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தகரம் வெயிலில் சடசடவென்று சத்தம் போட்டது.

பெரியகுளம் எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத அதே மனிதர். கையை முன்னால் கட்டிக்கொண்டு சொன்னார். "எனக்கு நாப்பத்தொண்ணு."

எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது: அவர் நம்பரிலும் நாற்பத்தொரு பேர், சிவப்பு எழுத்துதான் இன்னும் வரவில்லை. தப்பே வராத மனிதர்! "நாலு மாசம் டீ குடிக்காம இருந்தேன்ல? இதச் சொல்லியிருந்தா மொத மாசமே குடிச்சிருப்பேன். வெக்கமா இருந்துச்சு" என்றார்.

"எனிக்கு இருபத்தாறு" என்றார் கூடலூர் அக்கா. "அதுல பாதிப் பேரு ஏலத்தோட்டத்துக்கு மலையேறிட்டாக. எந்தா செய்ய? போன வாரம் முச்சூடும் எனக்கு ஒறக்கம் இல்ல சேச்சி." நான் அவரைவிடப் பத்து வயது சின்னவள். மலையாளத்தில் 'சேச்சி' என்றால் அக்கா. அன்றைக்கு அவர் என்னை அப்படிச் சொன்னதை நாங்கள் யாரும் திருத்தவில்லை.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். எட்டு, பதினைந்து, முப்பது என்று ஆளுக்கொரு எண்ணாக வந்தது. கடைசியில் எல்லாரும் அவுக அண்ணனைப் பார்த்தோம். அவர் நோட்டை மூடி மடியில் வைத்திருந்தார்.

"எனக்குப் பன்னெண்டு" என்றார். "போன வருசமே கண்டுபிடிச்சு, ஒவ்வொரு வீடா அலைஞ்சு மாத்திட்டேன். மாத்தத் தெரிஞ்ச நான் ஒங்ககிட்டச் சொல்லல. கூட்டம் கூட்டுறவனுக்கே இம்புட்டுப் பெரிய தப்பான்னு நீங்க நெனச்சுருவீகளோன்னு மறைச்சுட்டேன். நான் சொல்லியிருந்தா இந்தப் புள்ள இன்னைக்கு அழுதிருக்காது." நோட்டைப் பெரியகுளத்திடம் நீட்டினார். "ஒங்க எழுத்துதான் நல்லாருக்கும். மொத வரியில எம்பேரப் போடுங்க."

அன்றைக்கு யாரும் டீ குடிக்கவில்லை. ஆறிப்போய்விட்டது.

திங்கட்கிழமை நானும் அண்ணனும் தேனியில் இருக்கிற இ-சேவை அலுவலகத்துக்குப் போனோம். மனு எழுதித் தரச் சொல்லி அண்ணனிடம் கேட்டேன். "ஊருக்கெல்லாம் மனு எழுதுற. ஒனக்கு எழுத வராதா?" என்றுவிட்டார். நானே எழுதினேன். இரக்கப்பட்டுச் செய்தேன், தப்பு என்று தெரியாமல் செய்தேன், தெரிந்த பிறகு பத்து நாள் பொய் சொன்னேன், ஜனங்கள் பேரில் தவறில்லை, என்னை என்ன செய்தாலும் அவர்கள் அட்டையை விட்டுவிடுங்கள் என்று. அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

"இப்படித் தானா வந்து எழுதிக் குடுத்தவுகள நான் பார்த்ததில்லம்மா. ஒங்க ஒருத்தர் பிரச்சினைதான இது?"

"இல்ல சார்" என்றது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் பெரியகுளம், அவருக்குப் பின்னால் கூடலூர், வாசலை அடைத்துக்கொண்டு மற்றவர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மனு. அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எல்லாருமா?" என்றார். "எல்லாருந்தான் சார்" என்றார் அவுக அண்ணன். "நம்பரு கேக்குற கட்டத்துல 'போன் இல்லாதவர்'னு ஒண்ணு இருந்திருந்தா ஒருத்தரும் வந்திருக்க மாட்டோம். அவுகளக் குத்தம் சொல்லல சார். அவுகளுக்குச் சொல்லிக் குடுத்தவுகளத்தான் சொல்றேன்."

எந்த அவுக என்று அதிகாரி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாயங்காலம் ஆகியிருக்கும். எங்கள் ஊரில் முதல் முகாம் போட அனுமதி கொடுத்தார். கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில், அவரவர் விரலை வைத்து, அவரவர் வீட்டுப் போன் நம்பரைப் பதிய வேண்டும். சரியாக முடித்தால் மற்ற ஊர்களுக்கும் அப்படியே, என் கணக்கையும் திறந்துவிடலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் எட்டு லேப்டாப். என் கணக்கு பூட்டிக் கிடந்ததால் நான் ஒரு விண்ணப்பமும் தொட முடியாது. வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டி வருவதும் தண்ணீர் கொடுப்பதும்தான் என் வேலை. தப்பு செய்தவள் நான், வேர்வை சிந்தியவர்கள் அவர்கள். கூடலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார் அந்த அக்கா. என்ன கைம்மாறு செய்வேன்?

கூடத்தில் நடந்த கூத்துக்குக் குறைவில்லை. ஒரு அம்மா, மகன் நம்பரைச் சொன்னதும் எழுந்துவிட்டது. "அவன் நம்பரா? வேணாம். அவன் போன எடுக்கவே மாட்டான். மருமக நம்பரப் போடுங்க." மருமகள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. "எங்கத்தைக்கு எந்நம்பரு தெரியுமா?" என்றாள் ஆச்சரியமாக. அந்த அம்மா பத்து எண்ணையும் தப்பில்லாமல் சொன்னது. மருமகள் மாமியாரின் கையைப் பிடித்து மெஷினில் வைத்தாள்.

அவுக அண்ணன் ஒரு குண்டான் வெந்நீரோடு நடுவில் உட்கார்ந்துகொண்டார். பந்தலுக்கு மருந்தடித்த கை, சாந்துச்சட்டி தூக்கிய கை, ஒவ்வொன்றையும் கழுவி, ஒற்றி, தேய்த்து, "இந்தா, சுண்டுவிரலு ஒளிஞ்சிக்கிட்டு இருக்கு பாரு" என்று எடுத்துக் கொடுத்தார். மத்தியானத்துக்கெல்லாம் அறுபத்து இரண்டு பேர் முடிந்துவிட்டார்கள்.

காளியப்பன் மாமாவை என் வீட்டுக்காரர் ஆட்டோவில் கூட்டி வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். அண்ணன் அவர் கையை வெந்நீரில் வைத்து வெகுநேரம் எடுக்கவில்லை. ஒன்பது விரல் விழவில்லை. பத்தாவது, இடது ஆள்காட்டி விரல், விழுந்தது.

"நம்பரு?" என்றார் லேப்டாப் முன்னால் இருந்த பெரியகுளம்.

மாமா என்னைப் பார்த்தார். "எனக்கு யாரு தாயி இருக்கா? ஒன் நம்பரே இருந்துட்டுப் போகட்டுமே."

அது ஒன்றுதான் கூடாது. வியாழக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. என் வீட்டுக்காரர் போன் ரிப்பேருக்குப் போயிருந்தது, நம்பரும் அவர் பேரில் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவுக அண்ணன் மாமாவின் கையைத் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பத்து எண் சொன்னார். அடித்துக்கொண்டே வந்த பெரியகுளம் பாதியில் நிறுத்தினார்.

"அண்ணே, இது ஒங்க நம்பரு."

"தெரியும். அடிங்க."

"ஒருத்தருக்குப் போட்டா விதிப்படி சரிதான். ஆனா ஒறவுமுறைன்னு ஒரு கட்டம் கேக்குது. மகன், மகள், கணவர், மனைவி... மகன்னு போடவா?"

அண்ணன் யோசித்தார். மாமாவும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய் எழுதக் கூடாது. கடைசியில என்ன இருக்கு?"

"மற்றவர்."

"அதப் போடுங்க."

"எலே," என்றார் மாமா, "நீ எந்த ஊருக்காரன்?"

"பழனிசெட்டிபட்டி."

"வெந்நியில கை வெச்சது சொகமா இருந்துச்சுடா. இன்னுங் கொஞ்ச நேரம் வெச்சுக்கிறவா?"

வைத்துக்கொண்டார். முகாம் முடிகிற வரைக்கும் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த செய்தியெல்லாம் அண்ணன் போனுக்குத்தான் வந்தது. அதற்காகத் தன் மையத்தைப் பூட்டிவிட்டு, காலையிலிருந்து அந்த வராண்டாவிலேயே நின்றார். நர்ஸம்மா வந்து, "காளியப்பன் கூட வந்தவுக யாரு? நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாராம். அந்த நல்ல மனிதர் அங்கேயும் பொய் சொல்லவில்லை. "மற்றவர்" என்றாராம்.

என் கணக்கைத் திறந்துவிட்டார்கள். மாமா நடமாடுகிறார். நான் தினமும் சாமி கும்பிடும்போது வீட்டுக்காரர் பேர், பிள்ளைகள் பேர், மாமா பேர் என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியாக 'மற்றவர்' என்று ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று முருகனுக்குத் தெரியும்.